ஆண்டை பாடிய மெட்டில் ஒரு சுதந்திரப் பாட்டு

1

அக்கா மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சுதந்திர தினப் பாட்டுப் போட்டிக்கென்று பள்ளிக்கூடத்தில் ஒரு பாரதி பாட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் இந்தியனைப் பார்த்து, ஊழியக்காரப் பயலுக்கு விடுதலை ஒரு கேடா என்று ஏளனம் பேசுவதாக அமைந்த பாட்டு. தாளை நீட்டி, "மாமா, இதுக்கு அர்த்தம் சொல்லு, மேடையில கேட்பாங்களாம்" என்றாள்.

தாளைப் பார்த்ததும் எனக்கு ஆயா ஞாபகம் வந்துவிட்டது. இவள் வயதில் நானும் இதே பாட்டைத்தான் மனப்பாடம் செய்தேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ராகம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆயா வெளியே வந்து கேட்டது:

"ஏன்டா, இது நந்தன் பாட்டுடா. ஆண்டை நந்தன ஏசுற பாட்டு. இத ஏன்டா இஸ்கூல்ல சொல்லித் தராங்க?"

"இல்ல ஆயா, இது தேசபக்திப் பாட்டு. பாரதியார் எழுதினது."

"எவரு எழுதினா என்னா? ராகம் அதுதான். எங்க ஆண்டையும் இப்படித்தான் பேசுவாரு. ராகம் மட்டும் போடமாட்டாரு."

ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளாற்றுக் கரைக் கழனிகளில் நாற்று நட்டே முதுகு வளைந்தது. நந்தன் கதையைக் கூத்தில் பார்த்திருந்தது. டூரிங் டாக்கீஸில் தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனா'ரும் பார்த்திருந்தது. அன்றைக்கு நான் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. போட்டியில் பாடினேன், சோப்பு டப்பா பரிசு வாங்கினேன்.

பத்து வருஷம் கழித்து, சிதம்பரத்தில் கல்லூரியில் படிக்கிறபோது, பழைய புத்தகக் கடையில் மலிவுப் பதிப்பாகப் பாரதியார் கவிதைகள் கிடைத்தது. அந்தப் பாட்டைத் தேடிப் புரட்டினேன். தலைப்புக்குக் கீழே பொடி எழுத்தில் வர்ணமெட்டுக் குறிப்பு: நந்தனார் சரித்திரத்தில் வருகிற பாட்டின் மெட்டு. எந்தப் பாட்டு என்றால், மார்கழித் திருவிழாவுக்குச் சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் நந்தனை, அவன் தின்னும் கறியைச் சொல்லி இழித்து ஆண்டை விரட்டுகிற பாட்டு.

ஆயா சொன்னது சரி. நான்தான் கேட்கவில்லை. ஆயா கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் தேடுகிறேன்.

2

முதலில் இந்த ஆண்டை எங்கிருந்து வந்தான் என்று பார்ப்போம்.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணத்தில் திருநாளைப்போவாருக்கு ஆண்டை கிடையாது. கொள்ளிடக் கரை ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்கிறார். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுக்கிறார். தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று தள்ளிப்போடுகிறார். அவரைத் தடுப்பது ஒரு தனி ஆள் இல்லை, பிறப்பு. கடைசியில் ஆண்டவன் கனவில் வந்து நெருப்பில் மூழ்கி வா என்கிறான். அதே கனவைக் கண்ட தில்லைவாழ் அந்தணர்கள் நெருப்பு மூட்டுகிறார்கள். உள்ளே போனவர் புலையர். வெளியே வந்தவர் பூணூல் போட்ட முனிவர்.

வேதியர் என்கிற நிலவுடைமைக்காரப் பார்ப்பனரைக் கதைக்குள் கொண்டுவந்தது 19ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதி. இது தற்செயல் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் வருஷத்துச் சட்டம் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. காகிதத்தில் நீங்கியது, காவிரி, கொள்ளிடப் பாசன ஊர்களில் பண்ணையாளும் படியாளும் அப்படியேதான் இருந்தார்கள். அந்தக் களத்தைக் கண்ணால் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதி, பக்திக் கதைக்குள் பண்ணையைக் கொண்டுவந்து இறக்கினார். உத்தரவு கேட்கும் பண்ணையாள், மறுக்கும் ஆண்டை, நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிற நிபந்தனை, இவனால் நமக்குக் கேடு வருமோ என்று நடுங்கும் சேரிப் பெரியவர்கள் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. நந்தனுக்கு மோட்சம் கொடுத்ததைவிட, ஆண்டைக்கு வாய் கொடுத்ததுதான் அந்தக் கீர்த்தனையின் சாதனை என்று நான் நினைக்கிறேன். தமிழில் ஒரு எசமானன் தன் அடிமையிடம் எப்படிப் பேசுவான் என்பது பாட்டாகப் பதிவாகிவிட்டது. கதாகாலட்சேபம் வழியாக அது அக்கிரகாரத்துக்கும் போனது, கூத்து வழியாகச் சேரிக்கும் வந்தது.

3

1908ஐ ஒட்டிய சுதேசிக் காலத்தில் சுப்பிரமணிய பாரதிக்கு ஒரு இக்கட்டு. வெள்ளைக்காரனிடம் நாம் அடிமையாக இருக்கிறோம் என்று ஜனங்களுக்கு உறைக்கிற மாதிரி சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதோ வக்கீல்களுக்கும் வியாபாரிகளுக்கும் மிராசுதாரர்களுக்கும். இவர்கள் யாரும் தங்களை அடிமையாக ஒரு நாளும் நினைத்துப் பார்த்தது கிடையாது. அடிமை என்றால் என்ன என்று இவர்களுக்கு எதைக் காட்டி விளக்குவது? பாரதிக்குக் கிடைத்தது நந்தன் சரித்திரம்.

ஒரு பாட்டில் இல்லை, பல பாட்டுகளில் இதைச் செய்திருக்கிறார். அக்கா மகள் கொண்டுவந்த பாட்டில் ஆங்கிலேயன் ஆண்டையின் மெட்டில் பேசுகிறான். திருநெல்வேலிக் கலெக்டர் விஞ்ச் வ.உ.சி.யை மிரட்டுவதாக வருகிற பாட்டும் நந்தன் மெட்டு. சுதந்திரத்தின் பெருமையைப் பேசுகிற பாட்டுக்குத் தில்லை போனவன் திரும்புவானா என்று கேட்கிற பாட்டின் மெட்டு. காங்கிரஸில் இருந்த மிதவாதிகளைக் கேலி செய்யும்போது, நந்தனைக் கண்டு பயந்த சேரிப் பெரியவர்கள் பாடும் பாட்டின் மெட்டில் அவர்களைப் புலம்பவிடுகிறார். ஆக, வெள்ளையன் ஆண்டை; தீவிரவாதி நந்தன்; மிதவாதி பயந்தாங்கொள்ளிச் சேரிக் கிழவன். கச்சிதமான பொருத்தம்.

இந்தப் பாட்டுகளை மெட்டை விட்டுவிட்டுப் படித்தால் தேசபக்தி மட்டும்தான் தெரியும். மெட்டோடு கேட்டால் இரண்டு குரல் கேட்கும். மேலே கலெக்டரின் சொல், அடியில் ஆண்டையின் ஏச்சு. அன்றைக்குக் கேட்டவர்களுக்கு இரண்டும் சேர்ந்துதான் காதில் விழுந்திருக்கும். நமக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்கள் மேல் குரலை மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். கீழ்க் குரலை ஆயாதான் கேட்டது.

இதற்கு இரண்டு வாசிப்புகள் சாத்தியம்.

ஒன்று: மேல்சாதிக்காரனை, ஒரு பாட்டு முடிகிற நேரமாவது, புலையன் நிற்கிற இடத்தில் பாரதி நிற்க வைத்தார். கழனிக்கு வெளியே குடை பிடித்து நிற்கிறவனைச் சேற்றில் இறக்கி, உன்னைப் பார்த்து ஒருத்தன் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும் என்று கேட்டார். இது சின்ன காரியமில்லை.

இன்னொன்று: இறங்கியவனுக்கு வந்த கோபம் எதன் மேல்? புலையன் என்று ஒருவனை வைத்திருப்பதன் மேலா? இல்லை. என்னைப் போய்ப் புலையனைப் போல நடத்துகிறானே என்பதன் மேல். அவமானம் அடிமைத்தனத்தில் இல்லை, அது தனக்கு நேர்ந்ததில் இருக்கிறது. தேசியவாதச் சொல்லாடல் முழுவதிலும் இந்த ரோஷம் ஓடுகிறது. நம்மை உருவகமாக எடுத்துக்கொண்டார்கள். உருவகத்தில் உவமானத்துக்கு வேலை முடிந்ததும் அதைக் கீழே வைத்துவிடுவார்கள். 'இந்தியா அடிமை' என்று சொல்லிச் சொல்லி, இந்தியாவுக்குள் இருந்த அடிமை கண்ணிலிருந்து மறைந்துபோனான்.

இந்த இரண்டாவது வாசிப்பை ஏதோ இன்றைக்கு நாம் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை. பாரதி 'இந்தியா' பத்திரிகை நடத்திக்கொண்டிருந்த அதே சென்னையில்தான் 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். சாதியை இடுப்பில் செருகிக்கொண்டு சுதேசியம் பேசுகிறவர்களை வாரந்தோறும் கேள்வி கேட்டார். நந்தன் பண்ணையாளே இல்லை, சூழ்ச்சியால் வீழ்ந்த பௌத்த மன்னன் என்று அவர் எழுதிய சரித்திரத்தை ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு. மற்றவர்கள் நந்தனை மெட்டாகப் பாடிக்கொண்டிருந்தபோது, அவன் பறிகொடுத்தது என்ன என்று கேட்டவர் அவர்.

4

கடலூருக்கு வருவோம். பத்து வருஷம் புதுச்சேரியில் அடைக்கலம் இருந்த பாரதி 1918 நவம்பர் 20ஆம் தேதி பிரிட்டிஷ் எல்லைக்குள் வந்தபோது கடலூர்ப் பக்கத்தில் கைது செய்யப்பட்டார். கடலூர்ச் சிறையில் சுமார் மூன்றரை வாரம் இருந்தார். உள்ளிருந்தபடியே ஆளுநர் பென்ட்லண்டுக்கு மனு எழுதினார். நிபந்தனைகளை ஒப்புக்கொண்டு டிசம்பர் 14ஆம் தேதி வெளியே வந்தார்.

இந்த மனுவைப் பாரதி பக்தர்கள் பூசி மெழுகுவார்கள். எதிர்ப்பாளர்கள் கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்துக்காட்டிச் சிரிப்பார்கள். எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. மனு எழுதுவதென்றால் என்ன என்று நமக்குத் தெரியும். பட்டாவுக்கு மனு, சுடுகாட்டுப் பாதைக்கு மனு, சாதிச் சான்றிதழுக்கு மனு என்று நம் வீடுகளில் மனு எழுதாத கை கிடையாது. 'தாழ்மையுடன்' என்று எழுதும்போது பேனா எப்படிக் கூசும் என்று கடலூர்க் கலெக்டர் அலுவலக வாசலில் திங்கள்கிழமை நிற்கிறவனைக் கேட்டால் சொல்வான்.

எனக்கு இதில் பட்டது வேறு. ஆண்டையிடம் உத்தரவு கேட்ட நந்தனின் மெட்டில் சுதந்திரம் பாடியவர், கடைசியில் தானே உத்தரவு கேட்டு நிற்க வேண்டி வந்தது. உருவகமாக எடுத்தது கடலூரில் உண்மையாகிவிட்டது. ஆனால் ஒரு வித்தியாசம். அவருக்காகப் பேச வெளியே பெரிய மனிதர்கள் இருந்தார்கள். மூன்றரை வாரத்தில் கதவு திறந்தது. நந்தனுக்குக் கதவு நெருப்பில்தான் திறந்தது. கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர் வழியாகச் சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். இரண்டு விடுதலைக்கும் நடுவே உள்ள தூரத்தை அந்தக் கணக்கில் அளக்க முடியாது.

1927இல் சிதம்பரம் வந்த காந்தி, நந்தனை உயர்ந்த சத்தியாக்கிரகி என்று கொண்டாடினார். தன்னைத் தானே வருத்திக்கொண்டு தடைகளை வென்றவராம். கும்பிடத் தோன்றுகிற வார்த்தைதான். ஆனால் நெருப்பில் இறங்கியவனை மெச்சுகிறவர்கள் நெருப்பை மூட்டியவனைக் கேட்பதில்லை. நான்கு வருஷம் கழித்து, 1931இல், தனக்குத் தாய்நாடு என்று ஒன்று இல்லை என்று அம்பேத்கர் காந்தியின் முகத்துக்கு நேரே சொன்னார். அந்த அம்பேத்கர்தான் 1948இல் வெளிவந்த, தீண்டப்படாதோரைப் பற்றிய தம் நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளர் மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். அவர் நந்தனைக் கைவிடவில்லை, காந்தியின் நந்தனைத்தான் ஏற்கவில்லை.

5

'சுதந்திரப் பள்ளு' இன்னொரு வழக்கு. பள்ளு என்பது பள்ளர் உழைப்பையும் பள்ளனின் இரண்டு மனைவிகள் போடும் சண்டையையும் வைத்துக் கோயிலும் பாளையக்காரரும் ரசித்த இலக்கியம். அந்த வடிவத்தை எடுத்து, சுதந்திரம் வந்தேவிட்டது என்று பள்ளர் களியாட்டம் போடுவதாக மாற்றினார் பாரதி. பார்ப்பனருக்கு மரியாதைப் பட்டம் கொடுத்த காலமும் வெள்ளையரைத் துரை என்ற காலமும் ஒருசேர முடிந்தன என்று அதில் சொல்கிறார். இங்கே அவர் நந்தன் பாட்டுகளை விட ஒரு படி மேலே போகிறார் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். இரண்டு ஆண்டைகளும் ஒரே மூச்சில் போகிறார்கள்.

1947இல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் அது ஊரெல்லாம் ஒலித்தது. சுதந்திரம் வந்த வேளையில் வானொலியிலும் பட்டம்மாள் அதைப் பாடினார். பள்ளர் வாயில் வைத்த பாட்டு வானொலி நிலையத்துக்குள் போய்விட்டது. பள்ளர் எங்கே இருந்தார்கள்? வயலில். 21 வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25, மார்கழி மாதம், கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்தார்கள். 1999 நாடாளுமன்றத் தேர்தலின்போது சிதம்பரம் தொகுதியில் சேரிகள் தாக்கப்பட்டன, குடிசைகள் கொளுத்தப்பட்டன. கனவில் ஆண்டவன் சொன்னான் என்கிற சாக்குகூட இந்த நெருப்புகளுக்குத் தேவைப்படவில்லை.

புதுமைப்பித்தன் இதை முன்பே மோப்பம் பிடித்தவர். 1930களில் எழுதிய 'புதிய நந்தன்' கதையை அதே ஆதனூரில் வைத்தார். காந்தி வருகிற ரயில், தண்டவாளத்தில் நிற்கும் கண் தெரியாத சேரிக் கிழவன், காப்பாற்றப் பாய்கிற இரண்டு இளைஞர்கள், மூன்று சாவு. தேசமும் சுயமரியாதையும் சேர்ந்து ஓடியும் கிழவனைக் காப்பாற்ற முடியவில்லை.

6

அப்படியானால் இந்தத் தேசபக்திச் சொற்களை என்ன செய்வது? தூக்கி எறி என்று சில தோழர்கள் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். பூணூல் போட்டவன் எழுதியது, புதுச்சேரியில் தலித் இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டவன் எழுதியது, நமக்கு எதற்கு என்று கூட்டத்தில் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம் பாரதி மேல் வந்த பக்தி இல்லை. அந்தச் சொற்களுக்குள் சூடு ஏறியது நம் முதுகிலிருந்து. விடுதலை என்று தமிழில் சொன்னால் உடம்பு சிலிர்க்கிறதென்றால், அந்தச் சிலிர்ப்புக்குத் தேவையான அடிமைப் படத்தைக் கொடுத்தது ஆதனூர்ச் சேரி. கடன் கொடுத்தவன் கடனை விட்டுக்கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வரக்கூடாது.

இப்படிக் கணக்குத் தீர்த்து வாங்கியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். எந்த ஊரில் நந்தனை நெருப்பில் இறக்கினார்களோ அந்த ஊரில், அதே நந்தன் பெயரில், நம் பிள்ளைகளைப் பெஞ்சில் உட்கார வைத்தார். காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள், பள்ளிக்கூடத்தில் தனியாக வைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த கதை எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1952இல் கடலூரிலிருந்து நாடாளுமன்றம் போனவர். அவர் தலைமையிலான குழுதான், சுதந்திர இந்தியாவில் தீண்டாமை எப்படியெல்லாம் நடக்கிறது என்று 1969இல் அறிக்கை வைத்தது. இவர்களுக்குத் தேசம் என்றால் சொல் மட்டும் இல்லை. பெஞ்சு, பானை, அறிக்கை.

விமர்சனத்தில் நாம் செய்ய வேண்டியதும் இதுதான். விஞ்ச் துரையின் மிரட்டலுக்கு வ.உ.சி. பதில் சொல்வதாகவும் பாரதி ஒரு பாட்டு எழுதியிருக்கிறார், அதே சந்தத்தில். பயமில்லாத, நேருக்கு நேரான பதில். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் ஆண்டைக்கு அப்படி ஒரு பதில் சொல்லவே இல்லை. கெஞ்சினான், காத்திருந்தான், கனவு கண்டான். அவனுக்குக் கொடுக்காமல் விட்ட பதில் அரை நூற்றாண்டு கழித்து வ.உ.சி. வாயில் வந்திருக்கிறது. அதை எடுத்து நந்தன் வாயில் வைத்துப் பாடிப் பாருங்கள். சொல் எதையும் மாற்ற வேண்டாம். கேட்கிறவன் யார் என்பதை மட்டும் மாற்றுங்கள். கலெக்டர் நிற்கிற இடத்தில் ஆண்டையை நிறுத்துங்கள். தேசபக்திப் பாட்டு எங்கே போய்க் குத்துகிறது என்று அப்போது தெரியும்.

7

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் உள்ளே, புவனகிரி பக்கம் தெற்குத் திட்டை இருக்கிறது. 2020 அக்டோபரில் அந்த ஊராட்சியின் தலைவரான தலித் பெண்ணைத் தரையில் உட்கார வைத்து மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் வெளியே வந்தது. வழக்கும் பதிவானது. கொடியேற்றவும் தன்னை விடவில்லை என்று அவர் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்திலும் தலித் பெண் தலைவரைச் சுதந்திர தினக் கொடியேற்ற விடவில்லை. பிறகு கலெக்டர் வந்துதான் ஏற்ற வைத்தார். 2022 சுதந்திர தினத்துக்கு முன்னால், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதைத் தடுக்காமல் பார்த்துக்கொள்ளும்படி தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 75 வருஷ சுதந்திரத்தைக் கொண்டாடிய வருஷம் அது. தேசக் கொடியைக் கயிறு இழுத்து ஏற்ற இன்னும் உத்தரவு வேண்டியிருக்கிறது. நந்தன் கேட்ட அதே உத்தரவு.

அக்கா மகளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. ஆயா சொன்னதைச் சொன்னேன். "அப்ப இது நம்மள ஏசுற பாட்டா மாமா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பாடமாட்டேன்" என்று சொல்வாள் என்று நினைத்தேன். "பதில் பாட்டு இருக்குன்னியே, அத எழுதிக் குடு. ரெண்டையும் சேத்துப் பாடுறேன்" என்றாள். எழுதிக் கொடுத்தேன். அர்த்தம் கேட்டால் நந்தன் கதையைச் சொல்வாளாம்.

மேடையில் அவளிடம் அர்த்தம் கேட்கவில்லை. பாட்டு நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்று வீட்டுக்கு வந்து கோபப்பட்டாள். அந்தக் கோபம் இருக்கட்டும்.

வாசகத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊராட்சியில் கொடி ஏற்றுவது யார், பக்கத்தில் நிற்பது யார், நாற்காலி எத்தனை, அதில் உட்கார்ந்தது யார் என்று பார்த்து எழுதி அனுப்புங்கள். பாட்டுகளுக்கு அர்த்தம் எழுத அது உதவும்.